லாக் புக்கில் உங்கள் கையெழுத்து

கல்லூரி ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். பியூரெட் அளவை மூன்று முறை எடுக்க வேண்டும். அதில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டாலும் ரெக்கார்டு நோட்டில் ஒத்துப்போய்விடும். 20.4 என்று வந்தது 20.1 ஆகிவிடும். கன்கார்டன்ட் வேல்யூ எழுதியாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று. யாருக்கும் நட்டமில்லை என்பதால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

அதே பியூரெட், கடலூர்–சிதம்பரம் சாலையோரத்து சிப்காட் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு (க்யூ.சி.) ஆய்வகங்களிலும் நிற்கிறது. அங்கே பணியில் இருப்பவர் எழுதும் எண்ணைப் பார்த்துத்தான், ரியாக்டரில் கிடக்கும் சரக்கை அடுத்த கட்டத்துக்கு விடலாமா, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாமா என்று ஷிப்ட் பொறுப்பாளர் முடிவெடுக்கிறார். எழுதியவர் பெயரும் நேரமும் லாக் புக்கில் இருக்கும். எண் தவறாக இருந்தால் ராத்திரியிலும் போன் வரும்.

படிக்கும்போதே வேலை பழக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்கில் வளரும், கூச்சம் போகும், ரெஸ்யூமே கனக்கும் என்று காரணங்களும் அடுக்குகிறார்கள். அவற்றில் பாதியைக் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் கிடைக்காத ஒன்று உண்டு. நாம் எழுதிய ஒரு வரியை நம்பி, முன்பின் தெரியாத ஒருவர் அடுத்த காரியத்தைச் செய்வார். அந்த அனுபவம்தான் அது. அது கிடைக்கும் இடத்தைத் தேடிப் போங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. பெரிய கம்பெனியில்தான் அது கிடைக்கும் என்றில்லை. பெரிய கம்பெனியில் கிடைக்காமலும் போகலாம்.

சிப்காட்டை ஒட்டிய செம்மங்குப்பத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 8 காலை, ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தார்கள். அப்போது அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற பிணைப்பு அங்கே இருக்கவில்லை. இப்படிப்பட்ட கேட்டுகளில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் தகவல் சொல்ல வேண்டும். கேட் கீப்பர் மூடிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். 'பிரைவேட் நம்பர்' என்ற எண்ணைப் பரிமாறிக்கொண்டு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த வரியை நம்பித்தான் ரயில் வருகிறது. அன்று யார் மீது என்ன தவறு என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஒரு பதிவேட்டு வரி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டிய நிலையில் இல்லை.

பெரியவர்களின் கோபம்

படிப்போடு வேலை என்றதும் சில வீடுகளில் தாத்தாவுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். 1953-ல் ராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

அப்பா செய்யும் வேலையையே செய்யப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுப்பதற்கும், அப்பா போகாத அறைக்குள் பிள்ளை படிப்பைக் கொண்டு நுழைவதற்கும் உள்ள தூரம் அதிகம். சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் எத்தனையோ அப்பாக்கள் ஒப்பந்தத் தொழிலாளியாகத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டிப் போய்வருகிறார்கள். மகள் அதே கேட்டில் ஆய்வகப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனால் அது குலக்கல்வி ஆகாது. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையைப் படிப்பை நிறுத்தி 'வேலை பழகு' என்று அனுப்புகிறவர்கள் இந்தப் புத்தகத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயதுக்குள் ஆபத்தான தொழிலில் விடக்கூடாது. அப்ரண்டிஸ் பயிற்சியிலும் ஆபத்தான தொழில்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ரசாயனத் தொழிற்சாலைகளை இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

எங்கே தேடுவது

நம் கடலூர் மாவட்டத்தில் படிப்போடு வேலை பழகுவதை நன்றாகச் செய்கிறவர்கள் வேளாண் மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மற்ற வேளாண் கல்லூரிகளிலும் பி.எஸ்சி. அக்ரி படிப்பவர்களைக் கேட்டால் 'ராவே போயிருந்தோம்' என்பார்கள். கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்பதன் சுருக்கம் அது. இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்க வேண்டும். ஒரு விவசாயியோடு சேர்ந்து வயலுக்குப் போக வேண்டும். ஊர் மக்களை உட்காரவைத்து, கலர்ப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போட வேண்டும். 2015 ஜூலையில் தொடங்கிய 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தில் இதோடு தொழிற்கூடப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது.

வரைபடம் போட்டுப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டுவதோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பிக்னிக். ஆனால் ஒரு மாணவி வேர்க்கடலை விவசாயியிடம், 'கிலோ விதைக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைங்க ஐயா, வேரழுகல் குறையும்' என்று சொல்லி, அவரும் அப்படியே செய்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. முளைப்பு எண்ணும் நாளில் அவர் வரப்பில் நிற்பார். 'என்னம்மா, நீ சொன்ன மாதிரிதான செஞ்சேன்?' என்று கேட்பார். தேர்வில் நாலு கிராம் என்று எழுதியபோது வராத பயம் அப்போது வரும். அந்தப் பயத்துக்குப் பிறகு அந்த மாணவி எந்த அளவையும் மனப்பாடத்திலிருந்து சொல்ல மாட்டார். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

முந்திரித் தோப்புப் பக்கம் போகிறவர்கள் 2011 டிசம்பர் 30-ஐப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள். தானே புயல் கரை கடந்த நாள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 'பயிர் இழப்பு' என்று பாடத்தில் ஒரு பத்தி வரும். மரப்பயிர்க்காரருக்கு இழப்பு அந்த ஆண்டோடு முடிவதில்லை. புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த இடைவெளியில் ஒரு குடும்பம் எதை விதைத்து எப்படி ஓட்டியது என்று அவர் வாயால் கேட்பது ஒரு பொருளாதார வகுப்பு. தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றில் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேட்டுப் பார்க்கலாம். பாலூர் 1905-ல் தொடங்கிய பண்ணை. நூற்றாண்டு கண்ட பண்ணையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு விஷயமும் இருக்காது என்று நினைக்க வேண்டாம்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர்கள் கவனிக்காத ஒரு வாய்ப்பு கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். இன்ஜினைக் கழற்றிப் பிரித்து வேலை பார்ப்பது அந்த நாட்களில்தான். பெரும்பாலான கல்லூரிகளுக்கும் அப்போது கோடை விடுமுறை. நான்கு சக்கர வண்டி ஷோரூமில் 'இன்டர்ன்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பதைவிட, ஒரு டீசல் மெக்கானிக்கிடம் 'அண்ணே, கூட நின்னு கத்துக்கிறேன்' என்று கேட்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. சான்றிதழ் கிடைக்காது. ஆனால் நீங்கள் முறுக்கிய போல்ட்டோடு படகு கடலுக்குப் போகும். பழகும் வரைக்கும் அவர் அதை மறுபடி முறுக்கிப் பார்ப்பார். பிறகு பார்க்க மாட்டார். அந்த நாளை நீங்களே கவனிப்பீர்கள்.

பி.காம். மாணவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகம். ஜி.எஸ்.டி.யில் மாதாமாதம் கணக்குக் காட்டும் வியாபாரிக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி வரி ரிட்டர்ன் என்று இரண்டு கெடு உண்டு. இருபதை ஒட்டிய நாட்களில் அந்த அலுவலகத்தில் இருந்தால் போதும், வணிகச் சட்டம் மண்டையில் ஏறும். பில்லில் ஒரு ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக அடித்தால், வாங்கியவருக்கு வர வேண்டிய வரி வரவு வராமல் அவர் நேரே கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். சி.ஏ. படிப்பில் இதனால்தான் ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். 2023-ல் வந்த புதிய முறையில் அது இரண்டு ஆண்டு. மருத்துவர்களுக்கு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. உயிரையும் பணத்தையும் கையாளும் தொழில்கள் எழுத்துத் தேர்வை மட்டும் ஒருநாளும் நம்பியதில்லை.

இன்னொன்று, யாரும் 'வேலை அனுபவம்' என்று எண்ணாதது. சிப்காட்டைச் சுற்றிய கிராமங்களில் துர்நாற்றம் பற்றிய புகார் பழையது. நாற்றம் வீசியது என்று சொன்னால் அதிகாரிகள் நம்புவதில்லை. 2004 வாக்கில் ஊர்க்காரர்கள் சிலர் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, அழுகிய முட்டை நாற்றமா, நெயில் பாலிஷ் நாற்றமா என்று குறித்தார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்தக் கல்லூரியும் மதிப்பெண் தரவில்லை. ஆனால் வாய்ப்புகார் ஆவணமாக மாறியது அப்படித்தான். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஊர்களிலேயே இருந்துகொண்டு, ப்ராஜெக்டுக்கு இணையத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கேட்கும் முறை

முதலில் கல்லூரித் துறைத்தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பிறகு உங்கள் கடிதம். நான்கைந்து வரி போதும்:

"ஐயா, நான் கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் செம்மங்குப்பம். மே மாதம் முழுவதும் ஜெனரல் ஷிப்டில் வர முடியும். டைட்ரேஷன், பி.எச். அளவிடுதல் கல்லூரியில் செய்திருக்கிறேன். தங்கள் க்யூ.சி. ஆய்வகத்தில் மாதிரி எடுப்பது, பதிவு செய்வது ஆகியவற்றைக் கற்க விரும்புகிறேன். கல்லூரிக் கடிதம் இணைத்துள்ளேன்."

எதைக் கற்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்வதில்தான் இந்தக் கடிதத்தின் பலம். 'ஏதாவது வாய்ப்பு தாருங்கள்' என்று எழுதினால், எச்.ஆர். அதிகாரி உங்களை எங்கே உட்காரவைப்பது என்று யோசித்துக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

கேட்டுக்குள் போனதும் பொறியாளரை சார், மேடம் என்று அழைக்கத் தெரிந்த மாணவர்களுக்கு, ஆபரேட்டரிடம் பேசத் தெரிவதில்லை. இருபது வருடம் அந்தப் பம்பின் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருக்கலாம், பத்தாவது ஃபெயிலாகவும் இருக்கலாம். 'அண்ணே, இது ஏன் இப்படி?' என்று அவரைக் கேளுங்கள். ஊர்ப்பேச்சு தெரிந்த உள்ளூர் மாணவருக்கு, வெளியூர் இன்ஜினியரை விடவும் இது சுலபம்.

காசு, சட்டம், ஏமாற்று

படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. படித்து முடித்தபின் சேரும் அப்ரண்டிஸ்ஷிப் வேறு. அது 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம். ஸ்டைபண்ட் கொடுத்தே ஆக வேண்டும். 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்கு மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகை வைத்தது. தொகை மாறக்கூடியது, சேரும் நாளில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் (நாட்ஸ்) தளத்தில் பதிய வேண்டும். தென்மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். பிச்சை கேட்கும் குரல் தேவையில்லை.

நம் மாவட்டத்தில் இதற்குப் பெரிய வாசல் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனம் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் என மூன்று நிலையிலும் அப்ரண்டிஸ்களை எடுத்துவருகிறது. அங்கே அப்ரண்டிஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் சட்டத்தில் இல்லை. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. அதே சமயம் தொழிற்சாலையின் சுகாதார, பாதுகாப்பு விதிகள் அவருக்கும் உண்டு. பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு.

ஏமாற்று இரண்டு வகை. பணம் கட்டினால் வராமலே இன்பிளாண்ட் ட்ரெய்னிங் சான்றிதழ் தரும் கடைகள் ஒன்று. கல்லூரிக்குக் காகிதம் வேண்டும், மாணவருக்கு விடுமுறை வேண்டும், கடைக்குக் காசு வேண்டும், மூவரும் திருப்தியாகிவிடுகிறார்கள். நேர்முகத்தில் 'அங்கே எந்த மெஷினில் நின்றீர்கள்?' என்று கேட்கும்போதுதான் உட்காரவைத்த இடத்தில் வியர்க்கும். இன்னொன்று, இன்டர்ன் என்று பெயர் வைத்து ஒரு மாதம் முழுக்க மூட்டை தூக்கவிடுவது. ஓரிரு நாள் தூக்குங்கள், குறைந்துபோக மாட்டீர்கள். அதற்குமேல் போனால் அது கூலி வேலை. கூலி கேளுங்கள், இல்லாவிட்டால் வெளியே வாருங்கள்.

கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியும், கூரியர் போட்டும் பீஸ் கட்டுகிற மாணவர்கள் தங்களுக்கு 'அனுபவம் இல்லை' என்று எழுதுகிறார்கள். ஐந்நூறு பேர் பந்தியில் சாம்பார் தீரும் நேரத்தை முன்கூட்டியே சமையற்கட்டுக்குச் சொன்னவருக்கு அனுபவம் இல்லையா? எழுதுங்கள். ஆனால் 75 சதவீத வருகைப்பதிவு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுத முடியாத மாணவருக்கு எந்த அனுபவமும் கைகொடுக்காது.

உயிரோடு திரும்புவது

ரசாயன ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் தேட வேண்டியது, உயரத்தில் பறக்கும் துணிக்குழல். காற்றுத் திசையைக் காட்டும். வாயு கசிந்தால் காற்று போகும் திசையில் ஓடக்கூடாது. குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். இரண்டாவது, அசெம்பிளி பாயிண்ட் எங்கே என்று கேளுங்கள். பருத்தி உடை, மூடிய ஷூ. லைட்டர், தீப்பெட்டி உள்ளே கொண்டுபோகக் கூடாது, போன் கேட்டிலேயே. டேங்குக்குள், குழிக்குள், மேன்ஹோலுக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தாலும் இறங்காதீர்கள். கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். காப்பாற்ற இறங்கி இறந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். ஒரு வேலைக்கு முன் 'பெர்மிட் இருக்கா?' என்று கேட்டதற்காக உங்களைக் கிண்டல் செய்யும் சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில் தொடர வேண்டாம். கல்லூரியில் சொல்லி வேறு இடம் கேளுங்கள்.

டைரியும் கடிதமும்

அன்றன்று இரவு அரைப் பக்கம் எழுதுங்கள். 'இன்று பாய்லர் பற்றிக் கற்றேன்' என்று எழுதினால் வீண். 'காலை 10.15, மாதிரி எடுத்தேன். ஈரப்பதம் எதிர்பார்த்ததைவிட அதிகம். திரும்ப எடுக்கச் சொன்னார்கள். பாட்டில் சரியாகக் காயாததுதான் காரணம்' என்று எழுதுங்கள். கம்பெனியின் கலவை விகிதம், வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றை எழுதக்கூடாது. உள்ளே படம் பிடிக்கவும் கூடாது. நீங்கள் செய்த பிழையை மட்டும் தயங்காமல் எழுதலாம். நேர்முகத்தில் கேள்வி கேட்பவர் நிமிர்ந்து உட்காருவது அந்தப் பக்கத்தில்தான்.

முடியும் நாளில் கிடைக்கும் கடிதத்தில் பெரும்பாலும் 'நன்னடத்தையுடன் பயிற்சி பெற்றார்' என்று இருக்கும். அது யாருக்கும் பொருந்தும். எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தனியாகச் செய்த வேலை எது, மேற்பார்த்தவர் பதவி என்ன என்ற நான்கையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்கத் துணிவு வர, தனியாகச் செய்த வேலை ஒன்றாவது இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது வாரத்திலேயே 'சார், இந்த ஒரு டெஸ்ட்டை நானே செய்து எழுதட்டுமா, நீங்கள் சரிபாருங்கள்' என்று கேட்டு வாங்கிவிடுங்கள். லெட்டர்பேடில் கையெழுத்தாகி வர நாளாகும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எச்.ஆர். மேசையில் சொல்லி வையுங்கள். ஹெல்மெட்டையும் கேட் பாஸையும் திருப்பிக் கொடுக்கும்போது கடிதத்தை வாங்கிக்கொள்ளலாம்.